மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்

ஒரு விஷயம் பொய் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அது எந்த இடத்தில் பொய் என்று தெரியவில்லை. அதைத் தேடிக் கண்டுபிடிக்க மூன்று வருஷம் உழைக்க வேண்டும். கண்டுபிடித்தாலும் யாருக்கும் காலணா லாபம் இல்லை. அந்த உழைப்பை ஒரு மனிதன் உழைக்கலாமா? உழைத்தால் அவனைப் புத்திமான் என்பதா, பைத்தியக்காரன் என்பதா?

இந்தக் கேள்வியை என் மனத்தில் எழுப்பியது ஓர் எண். எண் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். கணித சாஸ்திரத்தில் எனக்குப் பட்டமும் இல்லை, பாண்டித்தியமும் இல்லை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தவர்கள் எல்லோரும் என்னோடு கடைசி வரையில் வரலாம்.

எண் இதுதான்: 14,75,73,95,25,89,67,64,12,927. மொத்தம் இருபத்தொரு இலக்கங்கள். நம் வழக்கப்படி வாசித்தால் 14,75,739 கோடி கோடிக்குச் சற்று மேலே வரும். இவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் அதன் பிறப்பு எளிமையானது. 2ஐ இரட்டித்தால் 4. அதை இரட்டித்தால் 8. இப்படி அறுபத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கிக்கொண்டே போய், கடைசியில் வந்த தொகையிலிருந்து ஒன்றே ஒன்றைக் கழித்துவிட்டால் இந்த எண் கிடைக்கும்.

இதைப் பற்றி ஒரு பெரிய மனிதர் ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தை இருநூற்று முப்பது வருஷத்துக்கு மேல் நிலைத்து நின்றது. அது தவறான வார்த்தை.

சொன்னவர் மாரின் மெர்ஸென் என்ற பிரெஞ்சுத் துறவி. பாரிஸில் மடத்தில் இருந்துகொண்டே அந்தக் காலத்து மேதைகளான டேக்கார்ட், பெர்மா போன்றவர்களோடு ஓயாமல் கடிதப் போக்குவரத்து நடத்தியவர். தபால் மூலமாகவே ஒரு சர்வகலாசாலை நடத்தினார் என்று சொன்னால் மிகையாகாது. 1644ஆம் வருஷம் அவர் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு பட்டியல் தந்தார். நான் மேலே சொன்ன முறையில் இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால், 257 இரண்டுகள் வரையில், எப்போதெல்லாம் பகா எண் கிடைக்கும் என்பது பட்டியல். பகா எண் என்பது ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண். மூன்று இரண்டுகள் போட்டால் 7 வரும். அது பகா எண். ஐந்து போட்டால் 31, அதுவும் அப்படியே. ஏழு போட்டால் 127, அதுவும் அப்படியே. பதினொன்று போட்டால் 2047. இது ஏமாற்றிவிடும், ஏனென்றால் 23ஐ 89ஆல் பெருக்கினால் 2047 வந்துவிடுகிறது. மெர்ஸென் இந்தப் பதினொன்றைச் சரியாகவே ஒதுக்கிவிட்டார். ஆனால் 67ஐப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். நிரூபணம் ஒன்றும் தரவில்லை.

பட்டியல் எவ்வளவு தூரம் சரி என்பது மெல்ல மெல்லத்தான் வெளிவந்தது. 31 இரண்டுகள் போட்டால் வரும் எண் பகா எண்தான் என்று ஆய்லர் 1772இல் காட்டினார். பட்டியலில் விட்டுப்போன 61ஐ ருஷ்யாவில் பெர்வூஷின் என்ற பாதிரியார் 1883இல் கண்டார். 89, 107 என்ற இன்னும் இரண்டு விடுதல்கள் 1911இலும் 1914இலும் தெரிந்தன. 67, 257 இரண்டும் இருக்கக் கூடாதவை. ஆக, ஐந்து தவறுகள். கடைசிச் சந்தேகம் தீர 1947ஆம் வருஷம் ஆயிற்று. ஒரு மனிதர் ஒரு பக்கத்தில் எழுதிவிட்டுப் போனதைச் சரிபார்க்க முந்நூறு வருஷம்!

நமது 67க்கு வருவோம். அதன் மேல் முதல் அடியை அடித்தவர் எத்வார் லூகாஸ் என்ற பிரெஞ்சுக்காரர். அது 1876இல் நடந்தது. அவர் கண்டுபிடித்த சோதனை விசித்திரமானது. எண்ணை எதனாலும் வகுத்து உடைத்துப் பார்க்காமலே அது பகா எண்ணா இல்லையா என்று சொல்லிவிடும். பின்னால் லேமர் என்ற அமெரிக்கர் 1930இல் அதைச் செம்மைப்படுத்தினார். அந்த வடிவத்தில் சொல்கிறேன். 4இலிருந்து ஆரம்பியுங்கள். அதைத் தன்னாலேயே பெருக்கி 2ஐக் கழியுங்கள். வருவதைச் சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மீதியை மறுபடியும் தன்னால் பெருக்கி 2ஐக் கழியுங்கள். எத்தனை இரண்டுகளோ, அதில் இரண்டு குறைத்த தடவை இப்படிச் செய்ய வேண்டும். கடைசி மீதி பூஜ்யமானால் பகா எண், இல்லாவிட்டால் இல்லை. 31க்குச் செய்து பாருங்கள்: 4, 14, 8, பூஜ்யம். தேறிவிட்டது. 2047க்குச் செய்தால் கடைசியில் 1736 மீதி நிற்கும். தேறவில்லை.

இங்கேதான் கவனிக்க வேண்டும். அந்த 1736 என்ன சொல்கிறது? “2047 பகா எண் அல்ல” என்று மட்டும் சொல்கிறது. 23ஐயும் 89ஐயும் பற்றி மூச்சு விடுவதில்லை. தீர்ப்பு வந்துவிட்டது, குற்றவாளியின் பெயர் வரவில்லை. 67 இரண்டுகளின் எண்ணைப் பற்றி லூகாஸ் சொன்னதும் இதே மாதிரிதான். மெர்ஸென் சொன்னது தவறு, இந்த எண் ஏதோ இரண்டு எண்களின் பெருக்குத்தொகை, ஆனால் எந்த இரண்டு என்று தெரியாது. அந்த நிலைமையில் இன்னும் இருபத்தேழு வருஷம் போயிற்று.

1903ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 31ந் தேதி நியூயார்க்கில் அமெரிக்கக் கணித சங்கத்தின் கூட்டம். கொலம்பியா சர்வகலாசாலைப் பேராசிரியர் ஃப்ராங்க் நெல்சன் கோல் பேச வேண்டிய முறை. அவரே சங்கத்தின் காரியதரிசி. ‘பெரிய எண்களைக் காரணிப்படுத்துதல்’ என்பது அவர் தலைப்பு. கோல் எழுந்தார், கரும்பலகைக்குப் போனார், ஒரு வார்த்தையும் பேசவில்லை. இரண்டை இரட்டித்து இரட்டித்து 67 வரையில் கொண்டுபோய், ஒன்றைக் கழித்து, இருபத்தொரு இலக்கங்களையும் எழுதினார். பிறகு பலகையின் வேறொரு பக்கத்துக்கு நகர்ந்து இரண்டு எண்களை எழுதினார்: 19,37,07,721. 7,61,83,82,57,287. பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி வரிவரியாகப் பெருக்க ஆரம்பித்தார். கூட்டி முடித்தபோது இரண்டு பக்கத்திலும் ஒரே எண் நின்றது. சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு, வாய் திறக்காமலே தம் இடத்தில் போய் உட்கார்ந்தார். சபை எழுந்து கைதட்டிற்று. ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இப்படிச் சொல்கிறவர் எரிக் டெம்பிள் பெல். கொலம்பியாவில் கோலிடம் படித்தவர். இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் பிடித்தது என்று தாம் பின்னால் அவரைக் கேட்டதாகவும், மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் என்று பதில் வந்ததாகவும் எழுதி வைத்திருக்கிறார். பெல்லும் என்னைப் போல நாவல் எழுதியவர். ஆகையால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. நாவலாசிரியன் கையில் அகப்பட்ட காட்சி மெருகேறாமல் வெளியே போவதில்லை. அந்த மௌனம் அவ்வளவு பூரணமாக இருந்ததா, சபை அப்படி எழுந்து நின்றதா என்பதற்கெல்லாம் நான் ஜாமீன் நிற்க மாட்டேன். ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். கதை முழுவதையும் நீங்கள் சந்தேகிக்கலாம்; அந்த இரண்டு எண்களைச் சந்தேகிக்க முடியாது. சந்தேகம் வந்தால் ஒரு காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஒன்பது வரிப் பெருக்கல். அதிலும் ஒரு வரி வெறும் பூஜ்யம்.

என் நண்பர் ஒருவர் உண்மையிலேயே அப்படி உட்கார்ந்தார். வங்கியில் முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தாவாகவும் அதிகாரியாகவும் இருந்து ஓய்வு பெற்றவர். நான் இந்தக் கதையைச் சொன்னதும், முதலில் இலக்கங்களைக் கூட்டி ஒன்பதுகளைத் தள்ளிப் பார்த்தார். முதல் எண்ணில் 1 மிஞ்சிற்று, இரண்டாவதில் 1, பெருக்கின எண்ணிலும் 1. “அடிப்படையில் தப்பு இல்லை” என்றார். பிறகு பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் முழுப் பெருக்கலையும் போட்டு முடித்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“கணக்கு சரி சார். ஆனால் மனுஷன் சரியில்லை.”

“ஏன்?”

“ஏனா? அந்த எண் பகா எண் இல்லை என்றுதான் முன்னாடியே தெரிந்துவிட்டதே! அப்புறம் இன்ன எண், இன்ன எண் என்று தெரிந்து என்ன ஆகப் போகிறது? மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமை! பெண்டாட்டி பிள்ளைகளோடு இருந்திருக்கலாம். தோட்டம் போட்டிருக்கலாம். சும்மா தூங்கியிருந்தால்கூட உடம்புக்கு நல்லது. இன்றைக்கு என் பேரன் கம்ப்யூட்டரில் தட்டினால் கண் இமைக்கிற நேரத்தில் அந்த இரண்டு எண்ணும் வந்து நிற்கும். இதற்கா ஒரு ஆயுசில் மூன்று வருஷம்?”

நியாயமான ஆட்சேபம்தான். இதற்குச் சுலபமான ஒரு பதில் உண்டு. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கியதைப் பிரிப்பது கடினம் என்ற இதே உண்மையை வைத்து 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர் ரகசியச் செய்திகளுக்கு ஒரு பூட்டுச் செய்தார்கள். இணையத்தில் பணமும் கடிதமும் பத்திரமாகப் போய்ச் சேர அந்தப் பூட்டு உதவியிருக்கிறது. ஆகவே கோல் செய்தது வீண் அல்ல என்று சொல்லிவிடலாம்.

ஆனால் அந்தப் பதிலை நான் என் நண்பருக்குச் சொல்லவில்லை. அது கோலுக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்று எனக்குத் தோன்றியது. 1903இல் அவருக்கு அந்தப் பூட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் கண்ட இரண்டு எண்களைக் கொண்டு யாரும் அந்தப் பூட்டைச் செய்யவும் இல்லை. பின்னால் எப்போதோ பயன்படும் என்பதற்காக ஒரு காரியம் நல்லது ஆகும் என்றால், பயன்படாமல் போன காரியங்களின் கதி என்ன? உழைப்பவன் உழைக்கும்போதே அதில் நியாயம் இருந்தாக வேண்டும். பலன் வந்து சேர்ந்த பிறகு நியாயத்தைத் தேடுவது, லாட்டரி விழுந்த பிறகு சீட்டு வாங்கினவனை மேதை என்பது போலத்தான்.

ஆகையால் நான் வேறொன்றைக் கேட்டேன். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் வங்கிகளில் இருந்த பேரேட்டுக் காலத்தைப் பற்றிக் கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது இரு பக்கமும் ஒத்து வராது. சில நாள் ஒன்பது ரூபாய் உதைக்கும். சில நாள் அறுபத்துமூன்று. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் யாரோ 45ஐ 54 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்கலாம் என்று ஒரு துப்பு. அந்தத் துப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பேரேடாகப் புரட்டுவார்கள். ராத்திரி ஒன்பது மணி ஆகும், பத்து ஆகும். கடைசி பஸ் போய்விடும்.

“ஒன்பது ரூபாய்தானே சார்? ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாமே?” என்றேன்.

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. “அதெப்படிப் போவது? ரூபாயா முக்கியம்? எங்கே தப்பு என்று தெரிகிற வரைக்கும் அந்த ஹாலில் இருக்கிற பன்னிரண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்க முடியாது சார். காஷியர் புதுப் பையனாக இருந்தால் அவன் மேல்தான் எல்லார் கண்ணும். இன்ன பேரேடு, இன்ன பக்கம், இன்ன வரி என்று விரலை வைத்துக் காட்டிவிட்டால்தான் மற்ற பதினொரு பேரும் நிம்மதியாகத் தூங்குவான்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே சற்று நேரம் காலண்டர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கோபத்தில் சொன்ன வார்த்தையை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். “ஏதோ தப்பு இருக்கிறது” என்று மட்டும் தெரிவது ஓர் அரைகுறை அறிவு. எண்களின் உலகத்தில் அதனால் ஆபத்து இல்லை. மனிதர்களின் உலகத்தில் அதைப் போல ஆபத்தானது வேறில்லை. “அந்த வீட்டில் ஏதோ சரியில்லை” என்கிறோம். “அந்த ஆபீஸில் யாரோ கை நீட்டுகிறார்கள்” என்கிறோம். சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எங்கே, எவ்வளவு, யார் என்று விரல் வைக்காத உண்மை நல்லவன் மேலும் கெட்டவன் மேலும் ஒரே மாதிரி அழுக்கைத் தெளிக்கிறது. குற்றத்தைச் சரியான இடத்தில் காட்டுவது குற்றவாளிக்குத் தண்டனை என்று மட்டும் நினைக்கிறோம்; அது மற்றவர்களுக்கெல்லாம் விடுதலை என்பதை மறந்துவிடுகிறோம்.

லூகாஸைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் தமக்குத் தெரிந்த அளவைத்தான் சொன்னார். தெரியாத காரணிகளைத் தெரிந்த மாதிரி காட்டவில்லை. பாதி அறிவைப் பாதி என்று சொல்லிக் கொடுப்பதும் நாணயமே. மெர்ஸென் ஊகித்ததும் குற்றமல்ல. ஊகிக்காதவன் எதையும் கண்டுபிடிக்க முடியாது. எது சோதித்துக் கண்டது, எது மனத்தில் பட்டது என்று பிரித்து எழுதாமல், இரண்டையும் ஒரே வரிசையில் ஒரே மையில் எழுதிவிட்டார். படித்தவர்கள் மையைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டவர் பெயரைப் பார்த்தார்கள்.

கோல் கொடுத்தது இதற்கு நேர் எதிரானது. மெர்ஸென் சொன்னதை ஏற்க மெர்ஸெனை நம்ப வேண்டும். லூகாஸ் சொன்னதை ஏற்க அவருடைய நிரூபணத்தைப் புரிந்துகொள்ளும் படிப்பு வேண்டும். கோல் சொன்னதை ஏற்க யாரையும் நம்ப வேண்டாம். பெரிய படிப்பும் வேண்டாம். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு சிலேட்டோடு உட்கார்ந்தால் போதும். பேராசிரியரைப் பார்த்து, “ஆமாம், நீங்கள் சொல்வது சரி” என்று அவள் சொல்லலாம். அல்லது, “நான்காவது வரியில் தப்பு” என்றும் சொல்லலாம். தாம் சங்கத்தின் காரியதரிசி, சர்வகலாசாலைப் பேராசிரியர் என்ற பெருமை ஒன்றுமே அங்கே செல்லாது. அன்று அவர் பேசாமல் இருந்தார் என்பது உண்மையானால், அதற்கு அர்த்தம் இதுதான் என்று நினைக்கிறேன். பேச்சினால் கூட்ட வேண்டியது ஒன்றுமில்லை.

அந்த நிலைக்கு ஓர் உண்மையைக் கொண்டுவர எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதையும் பாருங்கள். இந்த எண்ணின் எந்தக் காரணியையும் 134ஆல் வகுத்தால் 1 மீதி வந்தே தீர வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அந்த விதியின்படி வரிசையாக நிறுத்தினால், சின்னக் காரணி 14,45,580ஆவது இடத்தில் நிற்கிறது. ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது, வகுத்தலுக்குப் பத்து நிமிஷம், ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 460 வருஷத்துக்கு மேல் ஆகும். கோல் அப்படிச் செய்யவில்லை. எந்த எந்த மீதிகள் வர முடியாது என்று ஆராய்ந்து, கூட்டம் கூட்டமாகத் தள்ளி, வலையைச் சுருக்கிக்கொண்டே வந்தார். அந்த வழியை 1903ஆம் வருஷத்திலேயே சங்கத்தின் பத்திரிகையில் எழுதியும் வைத்தார். தேடினவனுக்கு மூன்று வருஷம். சரிபார்க்கிறவனுக்கு அரை மணி. பாரத்தை எல்லாம் தான் சுமந்துகொண்டு, மற்றவர் தோளில் ஓர் இறகை மட்டும் வைப்பது என்பது இதுதான். நல்ல ஆசிரியர்களும் நல்ல வைத்தியர்களும் நல்ல தாய்மார்களும் செய்வதும் இதுவே.

ஞாயிற்றுக்கிழமைகள் வீணா என்ற கேள்விக்கு என்னால் சொல்லக்கூடிய பதில் இதுதான். இயந்திரம் இன்று அதே காரியத்தை நொடியில் செய்துவிடுவதால் அவருடைய உழைப்பின் விலை குறைவதில்லை. ரயில் வந்ததால் நடந்து காசிக்குப் போனவரின் யாத்திரை பொய்யாகிவிடுமா? தவிர, இயந்திரமும் வெறும் வார்த்தையை ஏற்கச் சொல்வதில்லை. 2024 அக்டோபரில் இதே மெர்ஸென் குடும்பத்தில் 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட ஒரு பகா எண்ணைக் கண்டுபிடித்தார்கள். ஒரு கம்ப்யூட்டர் சொன்னதும் அறிவித்துவிடவில்லை. வேறு கம்ப்யூட்டர்களில், வேறு வேறு முறைகளில் திரும்பத் திரும்பச் சோதித்த பிறகே உலகத்துக்குச் சொன்னார்கள். வேகம் மாறியிருக்கிறது, நாணயத்தின் இலக்கணம் மாறவில்லை.

ஆனாலும் என் நண்பர் கேட்ட ஒன்றுக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் காத்திருந்தவர்கள் யார், அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று எந்தக் கணக்கும் சொல்லாது. ஒருவன் சத்தியத்துக்குச் செலவழிக்கும் பொழுது முழுவதும் அவனுடைய சொந்தப் பொழுதாக இருப்பதில்லை. இதையும் சேர்த்து எழுதினால்தான் பேரேடு ஒத்து வரும்.

1277 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 385 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் வருகிறது. அது பகா எண் அல்ல என்பது நிச்சயமாகத் தெரியும். 2024ஆம் வருஷம் முடிகிற வரையில் இத்தனை இயந்திரங்கள் இருந்தும் அதன் காரணி ஒன்றுகூட அகப்படவில்லை. தீர்ப்பு எழுதியாயிற்று, விரல் வைக்க ஆள் வரவில்லை. அதைப் போன்ற நிலையில் நம்மிடையே எத்தனையோ விஷயங்கள் கிடக்கின்றன. அவற்றைச் சுட்டி, “இது பொய்” என்று கத்துவதற்கு நாளைக்கு நூறு பேர் கிடைப்பார்கள். எங்கே பொய் என்று காட்டுவதற்கு, தன் ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்துக்கொண்டு ஒருவர் மேஜைக்கு முன்னால் உட்கார வேண்டும்.